உலோகத்துக்குள் ஒரு சாவி

பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயத்தைச் செலவழிக்கத் தேவையான ரகசிய எண்ணை முத்திரைக்கு அடியில் மறைத்து வைத்திருக்கும் உலோக வில்லைக்குக் கிரிப்டோ சேகரிப்பு நாணயம் என்று பெயர். பார்வைக்கு அது ஒரு பதக்கம் போல இருக்கும். ஒரு முகத்தில் உருவமும் மதிப்பும் பொறித்திருக்கும். மறுமுகத்தில் ஹாலோகிராம் ஒட்டுவில்லை பளபளக்கும். அந்த ஒட்டுவில்லைக்குக் கீழே உள்ள சிறு காகிதத் துண்டில் ஒரு வரிசை எழுத்துகள் அச்சாகியிருக்கும். நாணயத்தின் விலை ஏறக்குறைய முழுவதும் அந்த எழுத்துகளில்தான் இருக்கிறது. பித்தளையை மட்டும் எடைக்குப் போட்டால் ஒரு டீக் காசுகூடத் தேறுவது கடினம்.

இவ்வகை நாணயங்களில் முதலில் பெயர் பெற்றது 'காஸாசியஸ்'. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த மென்பொருளாளர் மைக் கால்டுவெல் 2011இல் இதை வெளியிட்டார். ஒரு பிட்காயின் மதிப்புள்ளது பித்தளையிலும், பத்து பிட்காயின் மதிப்புள்ளது வெள்ளியிலும், ஆயிரம் பிட்காயின் மதிப்புள்ளது தங்கத்திலும் வந்தன. நாணயத்தின் மேல் 'வீரெஸ் இன் நூமெரிஸ்' என்ற லத்தீன் தொடர் இருந்தது. எண்ணிக்கையில் வலிமை என்பது அதன் வழக்கமான பொருள். இங்கே எண்களே காவல் என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. 2013 முடிவதற்குள் ஏறத்தாழ 28 ஆயிரம் நாணயங்களும் கட்டிகளும் வெளிவந்தன. அவற்றில் அடைத்த பிட்காயின் சுமார் 90 ஆயிரம். முதல் நாணயங்கள் விற்ற நாளில் ஒரு பிட்காயினின் விலை சுமார் 5 டாலர்.

உலோகம், முத்திரை, ஏடு என்னும் மூன்றும் சேர்ந்தே இந்த நாணயத்தை இயக்குகின்றன. மூன்றும் பணத்தின் வரலாற்றில் பழையவை. காவிரிப் படுகையின் ஆயிரமாண்டுப் பண வரலாற்றில் மூன்றையும் தனித்தனியே அடையாளம் காணலாம். அவற்றைப் பிரித்துப் பார்த்துக்கொண்டால் புதிய நாணயத்தின் பலமும் பலவீனமும் எளிதில் விளங்கும்.

உலோகமும் வாக்கும்

சோழர் காலத் தஞ்சையில் பொன்னின் மதிப்பைத் தீர்மானித்தவை எடையும் மாற்றும். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்பது எடைக் கணக்கு. மாற்றை உரைகல் சொல்லும். பத்தரை மாற்றுத் தங்கம் என்று இன்றும் பேச்சில் வருவது அந்த அளவையின் மிச்சம். முதலாம் இராசராசனின் காசுகள் பொன், வெள்ளி, செம்பு மூன்றிலும் கிடைத்துள்ளன. ஒருபுறம் நிற்கும் உருவம், மறுபுறம் அமர்ந்த உருவமும் அரசன் பெயரும். பொற்காசை உருக்கினாலும் அதன் மதிப்பில் பெரும்பகுதி உருகிய பொன்னாகவே கையில் நிற்கும். காசுக்கு இணையாக நெல்லும் பணமாகப் புழங்கியது. கோயில் பணியாளரின் ஊதியத்தைக் கலக் கணக்கில் நெல்லாக நிர்ணயித்தார்கள்.

கடற்கரையில் கதை வேறு. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கையின்படி டேனிஷ் வணிகர்கள் தரங்கம்பாடியில் குடியேறிக் கோட்டை கட்டினார்கள். மன்னன் நான்காம் கிறிஸ்டியன் காலத்தில் அவர்கள் உள்ளூர்ப் புழக்கத்துக்கென ஈயத்தில் காசு அடித்தார்கள். ஈயம் மலிவான உலோகம். உருக்கி விற்றால் ஒன்றும் பெறாது. அந்தக் காசைக் கடைக்காரர் வாங்கியதற்குக் காரணம், கோட்டைக்காரர்கள் அதைத் திரும்ப ஏற்பார்கள் என்ற நம்பிக்கைதான். இன்று சட்டைப் பையில் இருக்கும் ஒரு ரூபாய் வில்லையும் இந்த வகையே. அதன் மதிப்பு எஃகில் இல்லை, வெளியிட்ட அரசின் வாக்கில் இருக்கிறது.

கிரிப்டோ சேகரிப்பு நாணயம் இந்த இரண்டு வகையிலும் சரியாக அடங்காது. அதன் பித்தளை மதிப்பைத் தருவதில்லை. திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று எந்த அரசும் வாக்குக் கொடுப்பதும் இல்லை. மதிப்பு வேறோரிடத்தில், ஓர் ஏட்டில் பதிவாகியிருக்கிறது. நாணயம் அந்தப் பதிவைத் திறக்கும் சாவியைச் சுமக்கிறது.

கல்லேடும் கணினியேடும்

எல்லாரும் பார்க்கக்கூடிய இடத்தில், அழிக்க முடியாதபடி கணக்கை எழுதி வைப்பதற்குத் தமிழ்நாட்டில் மிகச் சிறந்த சான்று தஞ்சைப் பெரிய கோயில். தானும் தன் தமக்கையும் தன் தேவியரும் மற்றவர்களும் கொடுத்தவற்றைக் கோயில் விமானத்தில் கல்லில் வெட்டும்படி இராசராசன் தன் 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாளில், அதாவது 1010ஐ ஒட்டி, ஆணையிட்டான். அப்படி வெட்டிய கணக்கில் துல்லியம் மிகுதி. பொன்னை 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லாலும், மணிகளைத் 'தக்ஷிணமேரு விடங்கன்' என்ற எடைக்கல்லாலும் நிறுத்தார்கள். கோயிலில் பணிசெய்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதுவரை பதிவாகியிருக்கிறது. ஒருவருக்கு ஒரு பங்கு; ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். கோயில் காசை ஊர்ச் சபைகள் கடனாகப் பெற்று, ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி கட்டின. அது நூற்றுக்குப் பன்னிரண்டரை.

பிட்காயினின் ஏட்டுக்குப் பிளாக்செயின் என்று பெயர். 2009 ஜனவரி 3ஆம் நாள் அதன் முதல் பக்கம் எழுதப்பட்டது. எந்த முகவரியில் எவ்வளவு இருக்கிறது, எதிலிருந்து எதற்குப் போனது என்பதை யாரும் படிக்கலாம். கல்வெட்டைப் போலவே இதிலும் பழைய வரியை அழித்துப் புதியது எழுத முடியாது. அடுத்த வரியைச் சேர்க்க மட்டுமே முடியும். கல்வெட்டைக் காப்பது கல்லின் கடினம். பிளாக்செயினைக் காப்பவை இரண்டு. ஒன்று படிகளின் எண்ணிக்கை: உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் அதே ஏடு முழுமையாக இருக்கிறது. மற்றொன்று பக்கங்களின் பிணைப்பு: ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தின் கைநாட்டுப் போன்ற ஒரு சுருக்க எண்ணைத் தாங்கி நிற்பதால், நடுவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின் வரும் எல்லாப் பக்கங்களும் பொருந்தாமல் போகும்.

படியெடுத்துக் காக்கும் வழக்கமும் டெல்டாவுக்குப் புதிதில்லை. செங்கல் கோயில்களைப் பிரித்துக் கற்றளியாக்கிய காலத்தில் பழைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். சோழ அரசி செம்பியன் மாதேவி திருப்பணி செய்த திருக்கோடிக்காவலில் அப்படிப் படியெடுத்த சாசனங்கள் உள்ளன. கல்வெட்டு மொழியில் இதற்குப் 'பழங்கற்படி' என்று பெயர்.

இரண்டு ஏடுகளுக்கும் முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. கல்லேட்டில் உரிமையாளரின் பெயர் இருக்கும். கணினியேட்டில் பெயர் கிடையாது. அங்கே இருப்பது ஒரு முகவரி மட்டும். அந்த முகவரிக்குரிய சாவியை வைத்திருப்பவரே உரிமையாளர். ஏடு வேறு எந்தச் சான்றையும் கேட்பதில்லை, ஏற்பதும் இல்லை.

சாவி பிறக்கும் விதம்

சாவி என்பது வெறும் எண். ஒன்றிலிருந்து தொடங்கி, இரண்டை 256 முறை தன்னோடு பெருக்கினால் வரும் அளவுக்குச் சற்றுக் குறைவான எல்லைவரை உள்ள எண்களில் ஏதேனும் ஒன்று. ஒரு ரூபாய் நாணயத்தை 256 முறை சுண்டி, பூ விழுந்தால் 0 என்றும் தலை விழுந்தால் 1 என்றும் எழுதிக்கொண்டே போனால் ஒரு சாவி தயார். அந்த எண்ணை யாரும் ஊகித்துவிட மாட்டார்களா என்ற கேள்வி எழும். இதற்கு நெல் கணக்கு உதவும். ஆயிரம் நெல்மணி சுமார் 20 கிராம் எடையிருக்கும் என்று கொண்டால், கொள்முதல் நிலையத்தில் பிடிக்கும் 40 கிலோ சிப்பம் ஒன்றில் சுமார் 20 லட்சம் மணிகள் இருக்கும். ஒரு கோடிச் சிப்பங்களில் உள்ள மணிகளை எண்ணினால் கிடைப்பது 14 இலக்க எண். சாவிகளின் மொத்த எண்ணிக்கையோ 78 இலக்கம். உலகத்து நெல்லையெல்லாம் ஒரே களத்தில் கொட்டி அதில் குறிப்பிட்ட ஒரு மணியைத் தேடுவதுகூட இதைவிடப் பல மடங்கு எளிது.

சாவியிலிருந்து முகவரியைக் கணக்கிடலாம்; முகவரியிலிருந்து சாவியைக் கணக்கிட முடியாது. நெல்லைக் குத்தி அரைத்து மாவாக்க முடியும், மாவை மீண்டும் நெல்லாக்க முடியாது என்பதைப் போன்ற ஒருவழிக் கணக்கு இது. முதலில் நீள்வட்ட வளைவரை என்னும் கணித அமைப்பில் சாவியைப் பெருக்கிப் பொதுச்சாவி எடுக்கிறார்கள். பிறகு அதை ஷா-256, ரைப்எம்டி-160 என்னும் இரண்டு சுருக்கு முறைகளில் செலுத்தி 160 பிட் நீளமுள்ள எண்ணாக்குகிறார்கள். அதை எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த வடிவில் எழுதினால் முகவரி. ஒன்றுபோல் தோன்றிக் குழப்பும் சுழியமும் ஆங்கிலப் பெரிய 'ஓ'வும், பெரிய 'ஐ'யும் சிறிய 'எல்'லும் இந்த எழுத்துமுறையில் சேராது.

நாணயத்துக்குள் வைக்கும் காகிதம் மிகச் சிறியது. அதில் முழுச் சாவியை அச்சடித்தால் எழுத்து பொடியாகிவிடும். அதனால் கால்டுவெல் 'குறுஞ்சாவி' என்ற முறையை வகுத்தார். 'எஸ்' என்ற எழுத்தில் தொடங்கும் முப்பது எழுத்துகள். ஆரம்பத்து நாணயங்களில் இருபத்திரண்டு. இந்தக் குறுஞ்சாவியை ஷா-256 முறையில் சுருக்கினால் கிடைப்பதே உண்மையான சாவி. எழுத்துப்பிழையைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரமும் சேர்ந்திருந்தது. குறுஞ்சாவியின் முடிவில் ஒரு கேள்விக்குறி சேர்த்துச் சுருக்கினால், வரும் விடையின் முதல் எட்டு பிட்டுகளும் சுழியமாக இருக்க வேண்டும். தோராயமாக 256 எழுத்துவரிசைகளில் ஒன்றுதான் இந்தச் சோதனையில் தேறும். நாணயம் செய்பவர் தேறும் வரிசை வரும்வரை புதிது புதிதாக உருவாக்கி, தேறியதை மட்டும் அச்சிடுவார். பின்னாளில் யாரேனும் ஓர் எழுத்தை மாற்றித் தட்டச்சினால் மென்பொருள் பெரும்பாலும் உடனே பிடித்துவிடும்.

முத்திரைக்கு அடியில்

அச்சிட்ட காகிதத்தை நாணயத்தின் பள்ளத்தில் வைத்து, அதன்மேல் ஹாலோகிராமை ஒட்டுவார்கள். முகவரியின் முதல் எட்டு எழுத்துகள் மட்டும் வெளியே தெரியும். அந்த எட்டு எழுத்துகளை வைத்து ஏட்டில் முகவரியைத் தேடி, சொன்ன தொகை உள்ளே இருக்கிறதா என்று யாரும் சரிபார்க்கலாம். முத்திரையைப் பிரிக்காமலே உள்ளே இருப்பதை அறிய முடிவது இந்த நாணயத்தின் தனிச்சிறப்பு. காஸாசியஸ் ஒட்டுவில்லையைப் பிரித்தால் உலோகத்தின் மேல் தேனடை போன்ற தடம் ஒட்டிக்கொள்ளும். மறுபடி ஒட்டி மறைக்க முடியாது.

பிரித்தால் தெரிந்துவிடும் முத்திரை என்பது காவிரிக் கரையில் நன்கு அறிந்த கருவி. சோழர் செப்பேடுகளின் இடப்புறத்தில் துளையிட்டு, எல்லா ஏடுகளையும் ஒரு செப்பு வளையத்தில் கோத்து, வளையத்தின் இரு முனைகளும் சேருமிடத்தில் புலியும் இரட்டைக் கயலும் வில்லும் கொண்ட அரச முத்திரையை வைத்து மூடினார்கள். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்ததைச் சொல்லும் பெரிய லெய்டன் செப்பேடுகள் இருபத்தொன்றும், முதலாம் இராசேந்திரனின் கரந்தைச் செப்பேடுகள் ஐம்பதுக்கு மேற்பட்டவையும் இப்படிக் கோத்தவை. நடுவில் ஓர் ஏட்டைச் செருகவோ உருவவோ வேண்டுமென்றால் வளையத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டினால் தடம் தெரியும். பின்வந்த கல்வெட்டு ஆய்வாளர்கள் கைக்கு வந்த செப்பேடுகளில் பலவற்றின் வளையம் முன்பே வெட்டுண்டு கிடந்தது.

முத்திரைக்குள் இருக்கும் பொருள் எது, மூடியிருக்கும் பொருள் எது என்ற பிரிவினையிலும் பழைய கணக்கர்கள் கவனமாக இருந்தார்கள். பெரிய கோயில் நகைகளின் எடையைச் சொல்லும் கல்வெட்டுகள், உள்ளே நிரப்பிய அரக்கும் கோத்த சரடும் சட்டமும் சேர்த்து இவ்வளவு என்று குறிப்பிடுகின்றன. அரக்கின் எடையைப் பொன்னின் எடையாகக் கணக்கிட்டுவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. கிரிப்டோ நாணயத்தைக் கையில் எடுப்பவருக்கும் அதே எச்சரிக்கை தேவை. பொன்முலாமும் ஹாலோகிராமும் அரக்கைப் போன்றவை. உள்ளே இருக்கும் சாவியே பொன்.

உள்ளே ஒன்றுமே இல்லாத வில்லைகள் ஏராளம். இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பிட்காயின் சின்னம் பொறித்த தங்க நிற வில்லைகள் வெறும் நினைவுப் பொருள்கள். அவற்றில் முகவரியும் கிடையாது, சாவியும் கிடையாது. செய்தித்தாள்களில் பிட்காயின் பற்றிய செய்திக்குப் படமாக வருவதும் பெரும்பாலும் இவையே. முகவரியைச் சுட்டும் எழுத்து வெளியே இருக்கிறதா, ஏட்டில் அந்த முகவரியில் தொகை இருக்கிறதா, முத்திரை பழுதின்றி இருக்கிறதா என்ற மூன்று சோதனைகளில் முதலிலேயே இவை தோற்றுவிடும்.

செய்தவர் நாணயம்

தமிழில் நாணயம் என்ற சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். கிரிப்டோ சேகரிப்பு நாணயத்தில் முதல் பொருள் இரண்டாவதை முழுக்கச் சார்ந்திருக்கிறது. சாவியை உருவாக்கி அச்சிட்டவர் அதைப் பார்த்திருக்கிறார். ஒரு படியை வைத்துக்கொண்டால், நாணயம் இன்னொருவர் பெட்டியில் பத்திரமாக இருக்கும்போதே அவர் எங்கிருந்தும் தொகையை எடுத்துவிடலாம். முத்திரை உடையாது, உலோகம் தேயாது, ஏட்டில் மட்டும் ஒரு புது வரி ஏறியிருக்கும். பொற்காசில் இந்த ஆபத்து கிடையாது. அடித்த கம்மாளர் காசைப் பற்றி எவ்வளவு அறிந்திருந்தாலும் பிறர் பெட்டியில் உள்ள பொன்னை அந்த அறிவைக் கொண்டு எடுக்க முடியாது. சாவிகளை அச்சிட்ட பின் அழித்துவிடுவதாகக் கால்டுவெல் சொன்னார். வாங்கியவர்கள் அவர் சொல்லை நம்பியே வாங்கினார்கள்.

இந்தக் குறையைப் போக்கக் கணிதத்திலேயே ஒரு வழி உண்டு. கால்டுவெல்லும் ஆரன் வாய்சினும் எழுதிய 'பிப்-38' என்ற முன்மொழிவில், நாணயத்தை வாங்குபவர் முதலில் ஒரு கடவுச்சொல்லைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து பெறும் ஓர் இடைக்குறியை மட்டும் செய்பவருக்கு அனுப்புவார். செய்பவர் தன் பங்கான ரகசிய எண்ணை அதோடு பெருக்கி முகவரியைக் கணக்கிட்டு, பூட்டிய வடிவில் சாவியை அச்சிடுவார். பூட்டைத் திறக்கக் கடவுச்சொல் வேண்டும். அது வாங்கியவருக்கு மட்டுமே தெரியும். கோயில் உண்டியலை அதிகாரியும் அறங்காவலரும் தத்தம் சாவியோடு வந்து திறப்பதைப் போன்ற இரட்டைப் பூட்டு. நாணயம் திருட்டுப் போனாலும் தொகை போகாது. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. கடவுச்சொல் தெரிந்த ஒருவரிடமிருந்து இன்னொருவர் நம்பி வாங்க முடியாது என்பதால், கைமாறும் பொருள் என்ற தன்மையை நாணயம் இழந்துவிடுகிறது.

2016இல் வந்த 'ஓப்பன்டைம்' வேறு வழியில் போனது. அது வட்ட நாணயம் இல்லை. கணினியில் செருகும் ஒரு சிறு மின்னணுப் பலகை. வாங்கியவர் முதன்முறை செருகும்போது பலகைக்குள் இருக்கும் சில்லே சாவியை உருவாக்கிக்கொள்ளும். செய்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. தொகையை எடுக்க வேண்டிய நாளில் பலகையில் குறித்த இடத்தை ஊசியால் குத்தித் துளையிட வேண்டும். துளை விழுந்தபின்தான் சாவி வெளிப்படும். துளையே முத்திரை உடைந்ததற்கான அடையாளமாகிவிடுகிறது.

ஒட்டுவில்லை முத்திரையின் பலவீனம் 2013இல் அமெரிக்காவில் நடந்த 'டெஃப்கான்' கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் வெளிப்பட்டது. ஊசி வழியே கரைப்பானைச் செலுத்திப் பசையை இளக்கி, ஹாலோகிராமைத் தடமில்லாமல் தூக்க முடியும் என்று அங்கே காட்டினார்கள். 78 இலக்கக் கணிதத்தை உலகத்துக் கணினிகள் எல்லாம் சேர்ந்தும் உடைக்க முடியாது. அதை மூடியிருக்கும் பசையை ஒரு ஊசி இளக்கிவிடும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் பசை தானாகவே நெகிழும், பித்தளை கறுக்கும், காகிதம் பழுக்கும். அதனால் சேகரிப்பாளர்கள் இவற்றைக் காற்றுப் புகாத ஞெகிழிப் பெட்டகத்தில் அடைத்து வைக்கிறார்கள்.

சேகரிப்பாளர் கண்ணில்

பிரிக்காத நாணயத்தின் விலை இரண்டு பகுதி கொண்டது. ஏட்டில் இருக்கும் தொகை ஒன்று. அரிய பொருள் என்பதற்காகச் சேகரிப்பாளர் தரும் கூடுதல் விலை மற்றொன்று. பழங்காசுச் சந்தையில் இருக்கும் அதே விதிகள்தான் இங்கும் செல்லும். காஸாசியஸின் முதல் வரிசை ஹாலோகிராமில் பெயரை அச்சிடும்போது ஓர் 'எஸ்' விடுபட்டுப் போனது. பிழையுள்ள அந்த நாணயங்களுக்கே கிராக்கி அதிகம்.

முத்திரையைப் பிரித்துத் தொகையை எடுத்துவிட்டால் நாணயம் செல்லாக்காசு. ஆனாலும் குப்பைக்குப் போவதில்லை. காலியான வில்லையையும் வாங்குவோர் உண்டு. உள்ளே இருக்கும் பணத்தை எடுப்பதா, முத்திரையோடு வைத்திருப்பதா என்ற கேள்வி உரிமையாளரைத் தொடர்ந்து உறுத்தும். ஒவ்வொரு முறை யாரோ ஒருவர் பிரிக்கும்போதும் மிச்சமிருப்பவற்றின் அருமை கூடுகிறது. 2017 ஆகஸ்ட் 1ஆம் நாள் பிட்காயின் ஏடு இரண்டாகக் கிளைத்துப் பிட்காயின் கேஷ் என்ற தனி நாணயம் பிறந்தபோது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. கிளைப்பதற்கு முன் அடைத்த நாணயங்களின் சாவி இரண்டு ஏடுகளிலும் பொருந்தும். ஒரே காகிதத்துக்கு இரண்டு வரவு. ஆனால் இரண்டாவதை எடுக்கவும் முத்திரையைப் பிரித்தாக வேண்டும்.

காஸாசியஸுக்குப் பின் 'லீலானா', 'டைட்டன்', பின்லாந்தின் 'டெனாரியம்' முதலியவை வந்தன. அடிப்படை அமைப்பு எல்லாவற்றிலும் ஒன்றே.

சட்டத்தின் பார்வை

2013இன் இறுதியில் அமெரிக்க நிதியமைச்சகத்தின் நிதிக் குற்றத் தடுப்புப் பிரிவு, பிட்காயின் அடைத்த நாணயங்களை விற்பது பணப் பரிமாற்றத் தொழில் என்றும், அதற்குப் பதிவு வேண்டும் என்றும் கால்டுவெல்லுக்குத் தெரிவித்தது. அதோடு அவர் தொகை அடைத்த நாணயங்களுக்கு ஆர்டர் எடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

இந்தியாவில் நாணயம் அடிக்கும் உரிமை மத்திய அரசுக்கே உரியது. பணமாகப் பயன்படுத்தும் நோக்கத்தில் உலோகத் துண்டுகளைத் தனியார் செய்வதையும் வைத்திருப்பதையும் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் தடை செய்கிறது. நினைவுப் பொருளாகவோ சேகரிப்பாகவோ வைத்திருப்பதும், கடைத்தெருவில் காசாகக் கொடுப்பதும் இதனால் வேறு வேறு. கிரிப்டோ பக்கத்தில், 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு விதித்த தடையை 2020 மார்ச் 4ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நீக்கியது. 2022 நிதிச் சட்டம் கிரிப்டோ நாணயங்களை 'மெய்நிகர் டிஜிட்டல் சொத்து' என்று வரையறுத்து, லாபத்துக்கு 30 விழுக்காடு வரியும், கைமாற்றத்தின்போது 1 விழுக்காடு பிடித்தமும் விதித்தது. குறியாக்க முறையில் உருவான தகவல், குறி, எண், டோக்கன் எல்லாம் அந்த வரையறைக்குள் வருகின்றன. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ நாணயம் உடைமையாக வைத்திருக்கவும் பிறர் பொறுப்பில் நம்பி ஒப்படைக்கவும் தகுந்த சொத்து என்று கூறியது.

சேகரிப்பு நாணயம் இந்தச் சட்டங்களுக்கு வைக்கும் சிக்கல் ஒன்று உண்டு. நாணயம் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும்போது ஏட்டில் எந்த வரியும் ஏறுவதில்லை. பிட்காயின் அதே முகவரியில் அசையாமல் இருக்கும். உரிமையாளர் மட்டும் மாறியிருப்பார். எல்லாவற்றையும் பதியும் ஏட்டின் மேல், எதையும் பதியாத ரொக்கப் புழக்கம் ஒன்றை இந்த உலோக வில்லை ஏற்றி வைக்கிறது.

ஏடும் பொருளும்

சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி தருவதற்கு யாரும் இல்லை. வங்கி அட்டை தொலைந்தால் கிளையில் விண்ணப்பிக்கலாம். நகைச்சீட்டு தொலைந்தால் அடகுக் கடையில் உறுதிமொழி எழுதிக் கொடுக்கலாம். காஸாசியஸ் நாணயம் தீயில் கருகினாலோ, வீடு மாறும்போது பரணில் விடுபட்டாலோ, வைத்தவர் சொல்லாமல் இறந்துபோனாலோ, தொகை ஏட்டில் அப்படியே நிற்கும்; எடுக்க மட்டும் முடியாது. பிட்காயினின் மொத்த எண்ணிக்கை 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டாதபடி அமைந்திருப்பதால், இப்படிப் பூட்டிப் போனவற்றுக்கு ஈடாகப் புதிதாக எதுவும் சேராது. பத்தாண்டுகளாக அசையாமல் இருக்கும் ஒரு முகவரிக்குரிய நாணயம் லாக்கரில் பத்திரமாக இருக்கிறதா, குப்பைமேட்டில் புதைந்து கிடக்கிறதா என்று ஏட்டைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் இதே பிரிவைக் காணலாம். அங்கே பதிவான உலோகத் திருமேனிகள் 66. ஒவ்வொன்றின் உயரம், கைகளின் எண்ணிக்கை, பீடம், சாத்திய நகைகளின் எடை எல்லாம் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் படிக்கும்படி இருக்கின்றன. திருமேனிகளில் பெரும்பாலானவை இன்று கோயிலில் இல்லை. கழஞ்சும் மஞ்சாடியும் குன்றியுமாக நிறுத்த நகைகளும் இல்லை. கொடுத்தது எவ்வளவு என்பதைக் கல் காத்து வைத்திருக்கிறது. கொடுத்த பொருளைக் காப்பது கல்லின் வேலையாக இருந்ததில்லை. அதைப் பண்டாரத்துச் சாவி வைத்திருந்தவர்களிடம் விட்டிருந்தார்கள்.